அலுமாரிக் கதவில் ஒரு கிற்றார்

சென்ற ஞாயிறு என் பொறுமை எங்கே முடிந்தது என்று இடம் சுட்டியே சொல்வேன். வன்னியில், கனகராயன்குளத்தில், என் தம்பி சுதன் வீட்டு விறாந்தையில்.

சுதன் தண்ணீர்ப் பம்ப் திருத்துகிறவன். மிச்ச நேரமெல்லாம் எலெக்ட்ரிக் கிற்றார் செய்கிறான்... அதுவும் கழித்துவிட்ட சாமான்களில். உடைந்த ஸ்பீக்கரின் காந்தம், பழைய ரேடியோவுக்குள் இருந்து உருவிய மெல்லிய செம்புக் கம்பி, கட்டில் சட்டம், சைக்கிள் கம்பி. தந்திகள் மட்டும்தான் கடையில் வாங்கியவை.

உடம்புக்குப் பலகை? என் அலுமாரிக் கதவு!

"ஒரு பக்கம் கறையான் அரிச்சதுதானே அக்கா" என்றான். மற்றப் பக்கம் நன்றாகத்தானே இருந்தது என்று நான் வாய் திறப்பதற்குள் கதவு சைக்கிளில் ஏறிவிட்டது. இன்றைக்கும் என் சேலைகள் ஒரு திரைச்சீலைக்குப் பின்னால்தான் குடியிருக்கின்றன.

அந்தக் கோபம் இருக்கட்டும். அவனுக்கு ஒரே ஓர் ஆசை. கிற்றார் தெரிந்த ஒருவர் அதை வாசித்துப் பார்த்து, சத்தம் சரியா பிழையா என்று சொல்ல வேண்டும். நான் சொன்னால் எடுபடாது. "உங்களுக்குக் கிறைண்டர் சத்தமும் நல்லாத்தான் இருக்கும்" என்பான்.

அந்த நேரம் பார்த்து என் கணவரின் சித்தப்பா மகன் நிரோஷன் லண்டனில் இருந்து வந்து இறங்கினான். அங்கே ஒரு மியூசிக் பாண்டில் கிற்றார் வாசிக்கிறவன். வேறென்ன வேண்டும்? நானே கூட்டிக்கொண்டு போனேன். சுதன் நல்ல சேர்ட் போட்டு, அம்ப்ளிபயருக்கு வயர் கொடுத்து, கரண்ட் போய்விடுமோ என்று பல்பைப் பார்த்தபடி நின்றான்.

நிரோஷன் கிற்றாரை வாங்கினான். தந்தியைத் தொடவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பலகை ஓரத்து ஓட்டையில் விரலை விட்டான்.

"சுதன் அண்ணா... இது துவக்குச் சன்னம் பட்டதோ?"

"இல்லைத் தம்பி. அது பூட்டு இருந்த ஓட்டை."

"ஷெல் விழுந்த வீட்டுக் கதவோ?"

"அக்கான்ர அலுமாரி. வவுனியாக் கடையில வாங்கினது. நீங்கள் ஒருக்கா அடிச்சுப் பாருங்கோவன்."

"ஓம் அண்ணா, அடிப்பம். முதல்ல ஒரு சின்ன வீடியோ."

கிற்றாரைச் சுதனிடமே திருப்பிக் கொடுத்து, அவனைக் கதிரையில் இருத்தி, போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு தொடங்கினான் – "போர் விட்டுச்சென்ற மிச்சங்களில் இருந்து பிறந்த இசை..."

"தம்பி, அது கறையான் விட்ட மிச்சம்" என்றேன்.

"பரவாயில்லை அண்ணி, எடிட்டில வெட்டிறன்."

எங்களிடம் கதை இல்லை என்றா சொல்கிறேன்? இருக்கிறது. பக்கத்தில் இருந்து, ஆறுதலாகக் கேட்டால் விடியும்வரை சொல்லுவோம். ஆனால் வன்னியில் ஒருவன் கிற்றார் செய்தால் அது வெறும் கிற்றாராக இருக்கக் கூடாதா? ஓட்டை தெரிந்தால் சன்னம். கீறல் தெரிந்தால் ஷெல். செய்தவன் சிரித்தால் – வலியை மறைத்த சிரிப்பு! எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

சுதனுக்கும் பொறுக்கவில்லை. நிரோஷனின் பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே வயரைச் செருகி வாசிக்கத் தொடங்கிவிட்டான்.

எனக்குச் சங்கீதம் தெரியாது. ஆனால் உடம்பு சிலிர்த்தது. வீதியில் போன ஒருவர் சைக்கிளை நிறுத்தி, வேலிப் படலையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். என் கதவுக்குள்ளா இவ்வளவு சத்தம் இருந்தது? அலுமாரிக் கதவுக்காக அவனை அந்த நிமிடமே மன்னித்துவிட்டேன்.

நிரோஷன் கையைத் தூக்கினான்.

"அண்ணா, பிளீஸ்... கொஞ்சம் நிப்பாட்டுங்கோ. நான் கதைக்கிறது வீடியோவில கேக்காது."

சுதன் நிறுத்தினான். பிறகு தேத்தண்ணி வந்தது. வாகனம் வந்தது. நிரோஷன் எல்லோரையும் கட்டிப்பிடித்துவிட்டுப் போய்விட்டான்.

"பிழையெண்டு ஒண்டும் சொல்லேல்லத்தானே அக்கா... அப்ப சரியாத்தான் இருக்கும் போல" என்றான் சுதன். எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன.

வீடியோ நேற்று என் போனுக்கு வந்தது. சுதனின் விரல்கள் தந்திகளில் ஓடுவது அழகாகத் தெரிகிறது.

பின்னணியில்தான் யாரோ சோகமாக வயலின் வாசிக்கிறார்கள்.