சீப்பு என்று சொன்னது நான்

என் பழைய போனில் ஒரு குரல் பதிவு இருக்கிறது. அரை நிமிடம்கூட ஓடாது. முதலில் மின்விசிறி கடகடக்கும், யாரோ தொண்டையைச் செருமுவார், பிறகு என் பாவா பேசுவார். தமிழில் நாலு வரி, தெலுங்கில் நாலு வரி. சென்னையில் ஒரு வார்டில் கவுன்சிலருக்கு நின்ற பெண்ணுக்கு ஓட்டுப் போடச் சொல்லும் பேச்சு அது. பேசி முடித்ததும் அவர் குரல் சட்டென்று வீட்டுக் குரலாக மாறி, "சரிதான மரதலு?" என்று கேட்கும். "ஆங், சரிதான் பாவா" என்று நான் பதில் சொல்வேன். அதோடு முடிந்துவிடும். அவர் குரல் என்று எங்களிடம் மிச்சமிருப்பது இது ஒன்றுதான். கல்யாண வீடியோவில்கூட அவர் பேசவில்லை, சிரித்துக்கொண்டு நிற்கிறார்.

பாவா என்றால் அக்காவின் கணவர். மரதலு என்றால் மனைவியின் தங்கை. திருத்தணியில் எங்கள் வீட்டில் பேசுவது பாதி தமிழ், பாதி தெலுங்கு. உறவு முறையெல்லாம் தெலுங்கு, சண்டையெல்லாம் தமிழ். அக்காவைக் கட்டிக்கொண்டு அவர் வந்தபோது நான் பாவாடை சட்டையில் இருந்தேன். அன்றிலிருந்து கடைசிவரை என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. என் வாய் நீளம் என்று ஊருக்கே தெரியும், அதற்கு முழு ஆதரவு கொடுத்தது அவர்தான். "மரதலு பேசட்டும்டி, அவ வாய மூடினா எனக்குத் தூக்கம் வராது" என்று அக்காவிடம் சொல்வார்.

அவர் முடிதிருத்துபவர். மலைமேல் மொட்டை போடும் மண்டபத்தில் வேலை கிடைத்திருக்கும், ஆனால் அவருக்குப் பிடிக்கவில்லை. "மேல கத்தி மட்டும் இருந்தா போதும். சீப்புக்கு அங்க இன்னா வேலை?" என்று கேட்பார். சீப்புக்கு வேலை வேண்டும் என்றுதான் தினமும் விடியற்காலை ரயிலேறி வடசென்னைக்குப் போனார். மாநகராட்சித் துப்புரவுப் பணியாளர்கள் குடியிருக்கும் தெருமுனையில் ஒரு சின்ன சலூன், இரண்டு நாற்காலி, ஒரு கண்ணாடி. அந்தத் தெருவில் முக்கால்வாசிப் பேருக்கு வீட்டுமொழி தெலுங்கு. இரண்டு மொழியும் தெரிந்த நாவிதர் என்று அவர்கள் அவரை விடவே இல்லை. நானும் அப்போது பக்கத்தில் ஒரு அச்சகத்தில் டைப் செய்துகொண்டிருந்தேன். போக வர இரண்டு பேரும் ஒரே ரயில். அரக்கோணம் தாண்டினால்தான் இன்னொரு இடம் காலியாகும், அதுவரை தன் இடத்தை எனக்குக் கொடுத்துவிட்டு அவர் நின்றுகொண்டு வருவார்.

கடையில் ஒரு வழக்கம் வைத்திருந்தார். யார் என்ன கட்சி பேசினாலும் கேட்பார், தலையாட்டுவார், தன் வாயால் எந்தக் கட்சிப் பேரும் சொல்ல மாட்டார். தேர்தல் வந்தால் சுவரில் ஒரு நோட்டீஸ்கூட ஒட்ட விடமாட்டார். "என் கையில கத்தி இருக்குது. கத்தி வெச்சிருக்கிறவன் கட்சி பேசினா, நாற்காலியில உக்காந்திருக்கிறவன் எப்படிக் கழுத்த நீட்டுவான்?" என்பார். அதனால்தான் அந்தத் தெருவில் அவர் பேச்சுக்கு ஒரு மரியாதை. இரண்டு கட்சிக்காரர்கள் அடித்துக்கொண்டால்கூடப் பஞ்சாயத்து அவர் கடை வாசலில்தான் நடக்கும்.

அப்படிப்பட்டவர் ஒருநாள் ரயிலில், "மரதலு, நான் ஒருத்தருக்கு ஓட்டுக் கேக்கப் போறேன்" என்றார். நான் சிரித்தேன். அந்தத் தெருவிலேயே பிறந்து, சட்டம் படித்து வக்கீலான ஒரு பெண் சுயேச்சையாக நிற்கிறாள் என்றார். சாக்கடைக் குழிக்குள் ஆளை இறக்கக் கூடாது, மிஷின்தான் இறங்க வேண்டும். கூட்டுகிற பெண்களுக்கு வேலை பார்க்கும் இடத்தில் ஒரு கழிப்பறை வேண்டும். ஒப்பந்த வேலையை நிரந்தரமாக்க வேண்டும். இதைத்தான் அவள் கேட்கிறாளாம். "உனக்கு அங்க ஓட்டே இல்ல பாவா. உன் ஓட்டு திருத்தணியில இருக்குது, உன் வாய் மட்டும் எதுக்கு மெட்ராஸுக்குப் போவுது?" என்று கேட்டேன். திருவள்ளூர் வந்து கூட்டம் ஏறி அடங்கிய பிறகு மெதுவாகச் சொன்னார். "குழியில எறங்கிட்டு வந்தவன் எவ்ளோ சோப்பு போட்டுக் குளிச்சாலும், முடியில அந்த வாட போவாது மரதலு. அவன் பொண்டாட்டிக்குத் தெரியும், எனக்குத் தெரியும். போன வருசம் எறங்கின ஒருத்தன் ஏறவே இல்ல. அவனுக்கு மொத நாளு சாயங்காலம் நான்தான் முடி வெட்டினேன்."

அதற்கு மேல் நான் கிண்டல் செய்யவில்லை. அந்தப் பெண்ணுக்குச் சின்னமாக வந்தது சீப்பு. அதைக் கேட்டதும் பாவா குழந்தை மாதிரி ஆகிவிட்டார். மேல்பாக்கெட்டில் எப்போதும் ஒரு சீப்பு இருக்கும், அதை எடுத்து ரயிலில் எல்லோருக்கும் காட்டினார். பெரிய கட்சிக்காரர் ஒருவர் கடைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்து, "இத்தினி வருசம் சும்மா இருந்தியே, இப்ப இன்னா புதுசா?" என்று கண்ணாடியில் பார்த்துக் கேட்டாராம். பாவா அவருக்கு ஒழுங்காக முகம் மழித்துவிட்டு, "இத்தினி வருசம் கேக்கிற மாரி ஆளு யாரும் நிக்கலீங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். பயம் இல்லாமல் இல்லை. ஊருக்கு வந்ததும் அக்காவிடம், "கடை போனாலும் போவும்" என்று சொல்லித்தான் வைத்தார்.

ஆட்டோவில் ஒலிபரப்ப அவர் குரல் வேண்டும் என்று அந்தப் பெண் கேட்டாள். ஒரு செவ்வாய்க்கிழமை, சலூனுக்கு விடுமுறை, நானும் லீவு போட்டேன். மலைக்குக் கூட்டம் ஏறிக்கொண்டிருந்தது, ஒலிபெருக்கிச் சத்தம் வராமல் இருக்க அக்கா வீட்டு உள்ளறை ஜன்னலைப் போர்வையால் மூடினோம். பேச வேண்டியதை எழுதியது நான்தான். அச்சகத்தில் வேலை பார்க்கிறேனே, எழுத்து என்றால் நான்தானே வீட்டில் பெரிய ஆள். தெலுங்குப் பகுதியில் "மன பிட்டகு சீப்பு குர்து மீத ஓட்டேயண்டி" என்று எழுதியிருந்தேன். நம் பிள்ளைக்குச் சீப்புச் சின்னத்தில் ஓட்டுப் போடுங்கள் என்று அர்த்தம். அவர் அதைப் படித்துப் பார்த்து, "துவ்வென இல்ல? தெலுங்குல சீப்புக்குத் துவ்வெனதான மரதலு" என்றார். அவருடைய அம்மா நகரிப் பக்கம், நல்ல தெலுங்கு. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "நம்ம வூட்ல யாரு துவ்வெனன்னு சொல்றா? சீப்பு எடுடின்னுதான அக்காவே கத்தறா? துவ்வெனன்னா பொஸ்தகத்துல வர மாரி இருக்குது. சீப்புன்னே சொல்லு, ரெண்டு பாஷைக்கும் ஒரே வார்த்தையா நிக்கும்." அவர் இன்னொரு தடவை தாளைப் பார்த்தார். "நீ சொன்னா சரி" என்றார். பேசினார். முடித்துவிட்டு, சரிதான மரதலு என்று கேட்டார். சரிதான் என்று சொன்னேன். ஆட்டோவுக்குக் கொடுத்தபோது அந்தக் கடைசிக் கேள்வி பதிலை வெட்டிவிட்டோம்.

ஓட்டு எண்ணிய அன்று அந்தப் பெண் கொஞ்ச ஓட்டில் தோற்றாள். அதிசயம் என்னவென்றால், யாருக்குமே முகம் தெரியாத இன்னொரு சுயேச்சைக்கு அந்தத் தெருவின் பெண்கள் வாக்குச்சாவடியில் ஓட்டு குவிந்திருந்தது. அவருக்குச் சின்னம் பெயின்ட் பிரஷ். தனக்கு இத்தனை பேர் ஏன் போட்டார்கள் என்று அவருக்கே விளங்கவில்லையாம். மறுநாள் சாயங்காலம் ரயிலுக்குப் போவதற்காக நான் சலூனுக்கு வந்திருந்தேன். தெரு கூட்டும் ஒரு வயதான அம்மா வாசலில் நின்று பாவாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "நுவ்வே கதா சீப்புரு அன்னாவு?" நீதானே சீப்புரு என்று சொன்னாய் என்கிறாள். சீப்புரு என்றால் தெலுங்கில் துடைப்பம்.

சீப்பு என்று ஆட்டோவில் இரைச்சலோடு கேட்டதை அவர்கள் சீப்புரு என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். காலமெல்லாம் துடைப்பம் பிடித்த கைகள். நம் பெண்ணுக்குத் துடைப்பத்தைச் சின்னமாகக் கொடுத்திருக்கிறார்கள் என்று அவர்களுக்குப் பெருமையாகக்கூட இருந்திருக்கிறது. சலூனுக்கு வந்துபோகும் ஆண்கள் சீப்பைக் கண்ணால் பார்த்தார்கள், பெண்கள் குரலை மட்டும் கேட்டார்கள். ஓட்டு மிஷினில் துடைப்பம் இல்லை. துடைப்பம் மாதிரி நிமிர்ந்து நின்ற பிரஷைத் தேடிப் பிடித்து அழுத்திவிட்டு வந்துவிட்டார்கள்.

அதற்குள் அந்த வக்கீல் பெண்ணின் அண்ணன் வந்துவிட்டான். "யாரு உன்ன சீப்புன்னு சொல்லச் சொன்னது? துவ்வெனன்னு ஒரு வார்த்த தெரியாதா? தெலுங்கு தெரியும் தெரியும்னு எங்க தெருவயே ஏமாத்திட்டியே" என்று கத்தினான். தெருவே கூடி நின்றது. பாவா கத்திரியைக் கீழே வைத்தார். என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "நான்தான்ப்பா சொன்னேன். எங்க ஊர்ல அப்படித்தான் பேசுவோம். தப்பு என்னுதுதான்" என்றார். ஊரெல்லாம் பேசுகிற நான், அவருக்கு இரண்டு முழம் தள்ளி, கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தபடி நின்றேன். நான் எழுதினது என்று இரண்டு சொல் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. என்னத்துக்கு இந்த வாய்!

அன்று ரயிலில் அவர் வழக்கம்போல இடம் பிடித்து எனக்குக் கொடுத்தார். வேர்க்கடலை வாங்கினார். திட்டுவார் என்று அரக்கோணம்வரை காத்திருந்தேன், திருத்தணிவரை காத்திருந்தேன். அக்காவிடமும் சொல்லவில்லை. ஒரே ஒரு தடவை, "அறிவு கெட்ட மரதலு" என்று சொல்லியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். அவர் சொல்லவே இல்லை. கடை போகவில்லை, ஆனால் கடை வாசலில் பஞ்சாயத்து நின்றுபோனது. அந்த அண்ணன் வேறு சலூனுக்குப் போனான். பாவா பேச்சு குறைந்தது. அப்புறம் ஒரு மார்கழியில், சலூனிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. சட்டையோடு சீப்பையும் ஆஸ்பத்திரியில் ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். நான் ரயிலேறிப் போகும் அச்சக வேலையை விட்டுவிட்டுத் திருத்தணியிலேயே தாலுகா ஆபீஸ் பக்கம் மனு எழுதும் கடை வைத்துவிட்டேன். காலையில் சென்னை ரயில் கிளம்பும் ஓசை கேட்டால் இன்னும் அவர் இடம் பிடித்து வைத்திருப்பார் என்றுதான் தோன்றுகிறது. ஒருமுறை, ஒரே ஒருமுறை, அரக்கோணம் வரைக்குமாவது அவர் எதிரே உட்கார வேண்டும் எனக்கு.

போன மாதம் அந்த வக்கீல் பெண் திருத்தணிக்கு வந்தாள். மறுபடியும் நிற்கிறாள். மறுபடியும் சீப்பு. "தெருவுல என்ன சீப்புப் பொண்ணுன்னே கூப்பிட்டுப் பழகிட்டாங்கக்கா. அவரு கொரலு இருந்தா குடுங்க, எங்க பொம்பளைங்களுக்கு அவரு சொன்னாத்தான் சொன்ன மாரி" என்றாள். அக்கா காபி கொண்டுவந்து வைத்தாள். நான் அக்கா முன்னாலேயே சொல்லிவிட்டேன். துவ்வென என்று அவர் சொன்னது, நான் மறுத்தது, கடையில் வாய் மூடி நின்றது எல்லாவற்றையும். சொல்லி முடிக்கும்போது காபியில் ஆடை படர்ந்துவிட்டது.

அவள் டம்ளரைத் தள்ளி வைத்தாள். "எங்க அண்ணன் அவரு சாவுக்குக்கூட வரலக்கா" என்றாள். "இத்தினி வருசம் அவரத்தான் திட்டிகினு இருந்தோம்." அக்கா எழுந்து உள்ளே போய்விட்டாள். எனக்கு அப்படியே பூமி பிளந்து உள்ளே போனால் தேவலாம் போல் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அக்கா திரும்பி வந்தாள், கையில் அந்தச் சீப்பு. பெண்ணிடம் கொடுக்கவில்லை, என்னிடம் கொடுத்தாள். "அவரு பேசினதுக்குப் பின்னாடி நீ பேசு. அந்தத் தெருவுக்கே கேக்கட்டும்" என்றாள். அதே உள்ளறை, அதே போர்வை.

நேற்று ஆட்டோ அந்தத் தெருவில் போனபோது நானும் போயிருந்தேன். சலூன் இருந்த இடத்தில் இப்போது ரீசார்ஜ் கடை. அதன் எதிரே அந்த அண்ணன் நின்றிருந்தான். பாவா தமிழில் நாலு வரி பேசினார், தெலுங்கில் நாலு வரி பேசினார், சீப்பு குர்து மீத ஓட்டேயண்டி என்றார். இந்தத் தடவை கடைசியை வெட்டவில்லை, என் பழைய பதிலை மட்டும் எடுத்துவிட்டோம். "சரிதான மரதலு?" என்று அவர் தெருவெல்லாம் கேட்கக் கேட்டார். பெண்கள் கூட்டுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்கள். அப்புறம் என் குரல் வந்தது, தப்பு என்னுதுதான், அது துடைப்பம் இல்லை, சீப்பு என்று தெலுங்கில்.

"தப்பு நாதே பாவா. சீப்புரு காது, துவ்வென."