பலகைத் தடுப்புக்கு மேலே

கொழும்பு வெள்ளவத்தையில் வாங்கிய பிளட் வீட்டின் ஹோலுக்கு லைட் எடுக்கப் போய், கடைக்குள் அண்ணாந்தபடி நின்றேன். தட்டுப்போல ஒன்று, சீலிங்குக்குள் புதைக்கிற வட்டம் ஒன்று, கம்பியில் தொங்குகிற கூடு ஒன்று. ஒன்று பிடித்துப்போவதற்குள் அடுத்ததும் நல்லதாகத் தெரிந்தது. போதாக்குறைக்குக் கடைக்காரர், "வார்ம் வைட்டா, டேலைட்டா சேர்?" என்று ஒரே லைட்டை மஞ்சளாகவும் வெள்ளையாகவும் மாற்றி மாற்றிக் காட்டினார்.

"என்னப்பா, பொம்பிளை பாக்க வந்த மாதிரி நிக்கிறீங்கள்?" என்றாள் மனைவி.

உங்களுக்கும் சிரிப்பு வரும். ஆனால் மஞ்சளா வெள்ளையா என்று கேட்டதும் என் மனம் கொட்டாஞ்சேனைக்குப் போய்விட்டது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அங்கே ஒரு அறையின் பாதி எனக்கு வாடகைக்குக் கிடைத்தது. நடுவில் பலகைத் தடுப்பு. அது கூரைவரை போகவில்லை. மறுபாதியில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வந்த ராணியும் புருஷனும். ஜன்னல் கிடையாது. தடுப்புக்கு மேலே இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக ஒரு குண்டு பல்ப். சுவிட்ச் அவர்கள் பக்கம். "தங்கச்சி, லைட்டைப் போடுங்கோ" என்று பலகையைப் பார்த்துச் சொல்வேன். பல்ப் சூடேற, கருகிய தூசு மணக்கும். அந்த மங்கல் மஞ்சளில் சவரம் செய்துகொண்டு போய், காதடியில் தப்பிய மயிருக்காகக் கந்தோரில் கூட வேலைசெய்பவர்களிடம் பலமுறை சிரிப்பு வாங்கியிருக்கிறேன்.

ராணி பெண் குழந்தை பெற்று வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளில் பல்ப் பியூஸ் ஆகிவிட்டது. வீட்டுக்கார அன்ரி வாசலில் நின்று, "டியூப்போ பல்போ, ரெண்டு பேரும் கதைச்சு ஒண்டைச் சொல்லுங்கோ" என்றார்.

"டியூப்" என்றேன், சவரத்தை நினைத்து.

"வேணாம்ணே. பளிச்சுன்னு இருந்தா பாப்பா தூங்காது" என்றாள் ராணி.

கரண்ட் பில் குறையுமென்று அன்ரி டியூப்பையே போடுவித்தார். அன்று மாலை அது விட்டுவிட்டு மின்னி நிலைத்ததும் அந்தப் பக்கம் ராணி அலறினாள்.

"அண்ணே, ஓடியாங்க! பாப்பாவைப் பாருங்க!"

குழந்தையின் முகம், நெஞ்சு, கண்வெள்ளை எல்லாம் மஞ்சள். பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழியவில்லையென்று பிள்ளையை வெளியே எடுக்கவேயில்லை; பல்ப் வெளிச்சத்தில் யாருக்கும் தெரியவுமில்லை. புருஷன் வேலையில். திரீவீலர் பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஏன் இவ்வளவு பிந்திக் கொண்டுவந்தாய் என்று டொக்டர் சிங்களத்தில் ஏசினார். ராணிக்கு விளங்கவில்லை, நானும் மொழிபெயர்க்கவில்லை. மஞ்சள் இறங்கவென்று குழந்தையின் கண்ணைக் கட்டி ஒரு நீல லைட்டுக்குக் கீழே படுக்கவைத்தார்கள்.

பிள்ளை தப்பியது. திரும்பி வந்ததும் ராணி என் கையைப் பிடித்து, "நீங்க கேட்ட லைட்டாலதாண்ணே எம்புள்ள இருக்கு" என்று அழுதாள். நான் கேட்டது சவரத்துக்கு என்று சொல்வதா, பேசாமல் நிற்பதா? எனக்கு இன்றைக்கும் தெளிவில்லை. அடுத்த நாளே தடுப்புக்கு மேலால் குரல் வந்தது: "அண்ணே, லைட்ட அணைச்சிரவா? பாப்பா தூங்க மாட்டேங்குது."

கடையில் எதை எடுத்தோம் என்று கேட்காதீர்கள், மனைவிதான் தெரிவுசெய்தாள்.

குழந்தைக்குப் பேர் வைக்க அவர்கள் தோட்டத்துக்குப் போனார்கள். "வந்துர்றோம்ணே" என்றாள் ராணி. வரவில்லை. அந்த வீட்டை இடித்த இடத்தில் இப்போது வாகனங்கள் நிற்கின்றன. அன்ரியும் இல்லை. அந்தப் பிள்ளைக்கு இப்போது பிள்ளைகள் இருக்கலாம். பஸ்ஸில் என் பக்கத்து சீட்டிலேயே இருந்து போயிருக்கலாம். யாரிடமாவது விசாரிக்கலாமென்றால், அவளுக்கு என்ன பேர் வைத்தார்கள் என்பதே எனக்குத் தெரியாது.