இரண்டு வருடம் நான் கொடுத்த மாத்திரை

ஓசூரில் கார்களுக்கு ஒயர் கட்டும் கம்பெனி ஒன்றில் நான் நர்ஸ். முதலுதவி அறையில் ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு பதிவேடு. வந்தவர்களைப் பத்து நிமிடத்துக்குள் வேலை நடக்கும் லைனுக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். அங்கே அதற்குப் பெயர்தான் வைத்தியம்.

லைனில் ஒயர் முனையில் பின் சொருகும் பெண் ஒருத்தி, ஊத்தங்கரைப் பக்கத்துக்காரி. என்னைவிடப் பத்து வயது சின்னவள். முதல் தடவை சாப்பாட்டு இடைவேளை முடிந்ததும் வந்தாள்.

"நாலு வாய் சோறு உள்ள போனாலே வயிறு கல்லாட்டம் ஆயிடுது சிஸ்டர். சாயங்காலம் ஏப்பம் விட்டாலும் மத்தியானம் தின்ன கொழம்பு வாசனதான் வருது."

"நெஞ்சு எரியுதா?"

"எரிச்சலெல்லாம் இல்லீங்க."

எரிச்சல் இல்லை என்று அவள் சொன்னது என் காதில் தெளிவாக விழுந்தது. ஆனாலும் பதிவேட்டில் 'கேஸ் டிரபிள்' என்று எழுதி, அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையில் ஓர் அட்டை எடுத்துக் கொடுத்தேன். அறையில் பெட்டி பெட்டியாக இருந்தது அதுதான். அதற்குள் போன் அடித்தது. "சிஸ்டர், ஆயித்தா?" முடிந்ததா என்று கன்னடத்தில் கேட்டார் அவளுடைய சூப்பர்வைசர்.

அட்டை தீரத் தீர வந்தாள். "கேக்கவே இல்ல சிஸ்டர். முன்னைக்கு இப்ப ஜாஸ்தி" என்பாள். வாரம் ஒருநாள் அரைமணி நேரம் வந்து உட்காரும் கம்பெனி டாக்டரிடம் அனுப்பினேன். அவர் செல்போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அவள் வயிற்றைத் தொட்டும் பார்க்கவில்லை. "அசிடிட்டிம்மா. ரெண்டு வேளையா போடு." நான் ரெண்டு வேளைக்குக் கொடுத்தேன். இப்படியே இரண்டு வருடம் ஓடியது.

ஒருநாள் சூப்பர்வைசரே அவளைக் கூட்டிக்கொண்டு வந்தார். "பின்னைச் சொருகாம கீழ கீழ போடறா. கேட்டா கை வரலைங்கறா. நடிக்கிறா சிஸ்டர்."

அவள் அழவில்லை. கையை நீட்டினாள். "வெரல் நுனியெல்லாம் மரத்துக் கெடக்குது. உள்ளங்காலும்தான். பஞ்சு மேல நடக்கற மாதிரி இருக்குது."

நாக்கை நீட்டச் சொன்னேன். தோலுரித்த மாதிரி வழவழவென்று சிவந்திருந்தது. பி12 குறைந்தால் நாக்கு இப்படி ஆகும், கைகால் மரத்துப்போகும் என்று நர்சிங் படிக்கும்போது பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான். இரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட நாக்கை நீட்டச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. அந்த நிமிடம் பிடித்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

ஆபீசில் போய் அவளுக்கு லீவு கேட்டேன். "உங்க வேலை முதலுதவி மட்டும்தான், சிஸ்டர்" என்றார் அதிகாரி. "அதைத்தான் ரெண்டு வருஷமா செய்யாம இருந்தேன்" என்று சொல்லிவிட்டு, அவளைக் கையோடு கிருஷ்ணகிரி பஸ்ஸில் ஏற்றினேன். வழியெல்லாம், "சூப்பர்வைசர் திட்டுவாரு சிஸ்டர்" என்பதையே சொல்லிக்கொண்டு வந்தாள்.

பெரியாஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மா அவள் சொன்னதையெல்லாம் கடைசிவரை கேட்டார். பிறகு, "இந்த மாத்திரையை எத்தனை நாளா சாப்பிடறீங்க?" என்றார்.

"ரெண்டு வருசம்ங்க."

"யாரு குடுத்தது?"

அவள் தரையைப் பார்த்தாள். "நான்தான்" என்றேன்.

ரத்தம் எடுத்தார்கள். வயிற்றுக்குள் குழாய் விட்டு, துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவுகள் வந்ததும் டாக்டரம்மா விளக்கினார். எப்போதோ தொற்றிய கிருமி வயிற்றின் உள்சுவரை மெலிய வைத்துவிட்டது. அமிலம் சுரப்பதே குறைவு. இருந்த கொஞ்சத்தையும் மாத்திரை அடைத்துவிட்டது. அமிலம் போதாததால் சோறு செரிக்கவில்லை, முட்டையிலும் பாலிலும் இருக்கிற பி12 உடம்பில் சேரவில்லை.

கிருமிக்கு மருந்து கொடுத்தார்கள். அது முடிந்ததும் பழைய மாத்திரையைப் படிப்படியாக நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தும்போது சில வாரம் எரியலாம், பயப்படாதீங்க, அதுக்காக வினிகர் எலுமிச்சைன்னு நீங்களா எதையும் குடிக்காதீங்க என்றார்கள். பி12 ஊசியை முதலுதவி அறையில் நானே போட்டேன்.

கம்பெனி டாக்டரிடம் ரிப்போர்ட்டை நீட்டினேன். "ஓ, ரேர் கேஸ்" என்றார். அவ்வளவுதான். அன்றைக்கே பதிவேட்டைப் புரட்டி, மாதக்கணக்கில் அந்த மாத்திரையை வாங்கிக்கொண்டிருந்தவர்களைக் கூப்பிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டச் சொன்னேன். உற்பத்தியைக் கெடுத்ததாக எனக்கு மெமோ வந்தது. வாங்கிக்கொண்டேன்.

இப்போது அவள் முழுச்சாப்பாடு சாப்பிடுகிறாள். பாதம் தேறிவிட்டது. வலது கையில் இரண்டு விரலுக்கு மட்டும் உணர்ச்சி இன்னும் திரும்பவில்லை. சிஸ்டர்தான் என்னைக் காப்பாத்துனாங்க என்று கேன்டீனில் எல்லோரிடமும் சொல்கிறாள். ஒருநாள் ஊசி போடும்போது பொறுக்க முடியாமல் கத்திவிட்டேன். "கெடுத்ததே நான்தான்டி! உனக்குக் கோவமே வராதா?"

அவள் சட்டைக் கையை இறக்கிவிட்டாள்.

"தெரியும் சிஸ்டர். எரியலைன்னு மொத நாளே சொன்னேன். நீங்க கேக்கல. ஆனா உங்கள விட்டா இங்க வேற யாருகிட்ட போயி சொல்றது?"

அவள் லைனுக்குப் போய்விட்டாள்.