ஆலைக்குப் போன வாத்தியார்

தொண்ணூறுகளின் பின்பாதியில், இத்தாலியத் துறைமுக நகரொன்றின் கால்சாப் பகுதியில் ஒரு பேராசிரியர் வீட்டில் சமையலும் துப்புரவும் என் வேலை. அவருடைய ஆராய்ச்சி ஒலிவ் எண்ணெயில். அவரிடம் கற்க, துனிசியாவிலிருந்து ஒரு பல்கலைக்கழக வாத்தியார் வந்திருந்தார். சூடாக்காமல் எண்ணெய் பிழியும் முறையைத் தன் ஊர் ஆலையில் செய்துபார்ப்பதே அவருடைய ஆசை.

அந்த ஆலை முதலாளி ஒரு ஜனவரி வெள்ளிக்கிழமை வந்திறங்கினார். திரும்பும் கப்பல் அன்றிரவே. அவர் சம்மதிக்காவிட்டால் வாத்தியாரின் படிப்பு கடதாசியோடு நின்றுவிடும்.

பேராசிரியர் மத்தியானமே பழைய முறையில் பிழிந்த எண்ணெயையும் புதிய முறையில் பிழிந்ததையும் கிண்ணங்களில் வைத்து, பாண் ரொட்டியைத் தொட்டுச் சாப்பிட்டுப் பார்க்கச் சொன்னார்.

"நோன்பு. பொழுது படட்டும்" என்றார் முதலாளி. இத்தாலியத் தொலைக்காட்சி பார்த்துப் பழகிய அவருடைய இத்தாலியன் என்னுடையதைப் போலவே உடைந்திருந்தது.

வாத்தியாரும் நோன்பு. இருவரும் பல்கனியில் தோளோடு தோள் ஒட்டியபடி காத்திருந்தார்கள். எனக்கும் வெள்ளி விரதம்தான். ஆனால் என் வயிறு எரிந்தது பசியால் அல்ல. ஊரில் நான் தேங்காய் எண்ணெய் ஆலையில் வேலை செய்தவன். பல்கலைக்கழகம் சைக்கிள் மிதிக்கும் தூரம். படித்தவர் ஒருவர் ஒரே ஒருமுறை வந்தார், லேஞ்சித் துணியால் மூக்கைப் பொத்தியபடி. சண்டையில் ஆலை மூடும்வரை வேறு யாரும் வரவில்லை.

பொழுது பட்டது. பேரீச்சம்பழம் சாப்பிட்டுத் தண்ணீர் குடித்தபின் முதலாளி புதிய எண்ணெயைத் தொட்டார்.

"கசக்குது."

"நல்ல எண்ணெய் அப்பிடித்தான் இருக்கும், ஹாஜி" என்றார் வாத்தியார், பேராசிரியருக்கும் விளங்க இத்தாலியனிலேயே.

"என்ரை சனத்துக்குக் கசப்பை விக்கேலாது."

"ஒரு மெஷினிலை மட்டும் செய்து பாப்பம். நான் வந்து நிக்கிறன்."

"நிப்பியோ? சீசன் முழுக்க, எண்ணெய்ச் சேத்துக்கை, உந்தச் சப்பாத்தோடை?"

"சப்பாத்தைக் கழட்டிப்போட்டு நிப்பன்."

முதலாளி சிரித்தார். "அப்ப சரி. வா."

ஒரே தட்டில் பாணைப் பிய்த்துத் தின்றார்கள். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. தேத்தண்ணீர் போடக் குசினிக்குள் போய்விட்டேன். இரவு இருவரும் கப்பலுக்குப் புறப்பட்டார்கள்.

பக்கத்துப் பகுதியான அல்பெர்கேரியாவில் எங்கள் அறைக்கு வந்ததும் மனைவி கேட்டாள், "என்னப்பா, மூஞ்சி தொங்குது?" சொன்னேன்.

"ஆரின்ரையோ ஊர் ஆலைக்கு ஆரோ போனா, உங்களுக்கென்ன வயித்தெரிச்சல்? விளக்கைக் கொளுத்திப்போட்டுச் சாப்பிடுங்கோ."

விளக்கை ஏற்றினேன். வழக்கமாகப் பிள்ளைகளுக்காகவும் இங்கே தங்குவதற்கான பெர்மெசோ அனுமதிக்காகவும் கும்பிடுவேன். அன்று, முருகா, அந்த வாத்தியாரை எங்களுக்குத் தந்திருக்கக் கூடாதா என்றுதான் கேட்டேன். அவர் கப்பல் சுகமாய்ப் போய்ச் சேரட்டும் என்று சொல்ல வாய் வரவில்லை.