நான் ஊதிய திருநீறு

எங்கள் தேயிலைத் தோட்ட லயத்தில் பக்கத்து வீட்டுச் செல்வியின் நான்கு வயது மகளுக்குப் பிறவியிலேயே மரபணுவில் ஏதோ குறை. அதனால் நோயை எதிர்க்கும் சக்தி கிடையாது. நமக்கு இரண்டு நாளில் போய்விடும் சளித் தடிமன்கூட அவளுக்கு உயிராபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை அம்மன் கோயில் திருநீற்றோடு அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

“தடிமன் ஏதும் இல்லியே அண்ணே? கோவிச்சுக்காதீங்க” என்றாள் செல்வி.

காலையிலிருந்தே எனக்குத் தொண்டை கரகரப்பு. “ஒண்ணுமில்ல தங்கச்சி. சாமி காரியமா வந்தவன்கிட்ட இப்பிடியா கேப்பாங்க?” என்று சிரித்துக்கொண்டே, பிள்ளையின் நெற்றியில் பூசி, வழக்கப்படி முகத்தில் ஊதிவிட்டேன். பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு சிரித்தது.

மூன்றாம் நாள் அதற்கு மூச்சுத் திணறியது. நுவரெலியா ஆஸ்பத்திரியில் ஒக்சிசன் வைத்தார்கள். நுரையீரலில் வைரஸ் கிருமியாம். அம்மன் கருணையால் ஒரு மாதத்தில் பிள்ளை வீடு வந்தது.

வாசலில் நின்றே செல்வியிடம் சொன்னேன். “அன்னிக்கு எனக்குத் தடிமன் இருந்துச்சு தங்கச்சி. பொய் சொல்லிட்டேன்.”

“தெரியும்ணே. ஒங்க தொண்டையிலயே தெரிஞ்சிச்சு. சாமி திருநீற எப்பிடி வேணாங்கிறதுன்னு நாந்தான் பேசாம இருந்துட்டேன்” என்று அழுதாள்.

பொய் சொன்னதற்கு அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். ஆனால் பெற்றவளின் வாயை அம்மனின் திருநீற்றாலேயே அடைத்துவிட்டேனே, அதற்கு என்ன சொல்லிக் கேட்பது என்றுதான் இன்னும் தெரியவில்லை.