அறுக்காமல் வாசித்த புத்தகம்

அன்று பிள்ளைக்காம்பராவில் எட்டுப் பேர் இருந்தார்கள். தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுச் செல்லும் அந்த அறை ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வாசிப்பு வட்டத்துக்குக் கிடைக்கும். கமலாக்கா வரவில்லை. நான் வந்திருந்தேனா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். இலங்கையில், பூண்டுலோயாவுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில், பால்மா டின்னில் சாய்த்து வைத்த ஒரு போனுக்குள் என் முகம் இருந்தது. மற்றதெல்லாம் இங்கிலாந்தின் கிழக்கே, ஒரு மேடுகூட இல்லாத ஊரில், ஆர்தர் என்ற முதியவரின் சமையலறையில் இருந்தது. அவரைப் பராமரிப்பதுதான் இங்கே என் வேலை.

இந்த ஊரில் மழை பெய்தால் தண்ணீர் எங்கும் ஓடாது. விழுந்த இடத்திலேயே நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். எனக்கு இன்னும் பழகவில்லை. மழை வலுத்தால் என் கால்கள் தாமாக வீட்டின் பின்பக்கம் போகும். மலைச்சரிவில் ஒட்டி ஒட்டி நிற்கும் லய வீடுகளில் வளர்ந்தவர்கள் அப்படித்தான். பின்னால் வடிகானில் தண்ணீர் தெளிந்து வருகிறதா, கலங்கி வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் படுப்போம்; கலங்கினால் மேலே மண் இளகுகிறது. ஒருநாள் ஆர்தர், எதைத் தொலைத்தாய் என்று கேட்டார். மலையைப் பார்க்க வந்தேன் என்றேன். மாலையில் அவர் மகளுக்குப் போன் போட்டு, பையன் ஊரை நினைத்து ஏங்குகிறான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அது ஏக்கமல்ல, பயம் என்று விளக்க என் ஆங்கிலம் போதவில்லை.

எங்கள் வட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. பத்துப் பேர் சேர்ந்து ஒரே புத்தகம் வாங்குவோம். அதைப் பிளேடால் பத்துத் துண்டாக அறுத்து, சாக்குத் தைக்கும் நூலால் தனித்தனியே தைத்து, ஆளுக்கொன்றாய் எடுத்துக்கொள்வோம். வாரத்துக்கு ஒருமுறை துண்டு கைமாறும். கதைப் புத்தகத்தை நடுவிலிருந்து தொடங்க முடியாது. அதனால்தான் வரலாறும் அறிவியலும் வாசிப்பவர்களானோம். எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். நான் வாசித்த முதல் பெரிய புத்தகம் எனக்கு ஆறாம் துண்டில்தான் ஆரம்பித்தது. இப்போது என் துண்டைப் படமெடுத்து அனுப்புகிறார்கள்.

அடுத்து எந்தப் புத்தகம் என்பதே அன்றைய பேச்சு. வட்டத்தை நடத்தும் சகாயம் அண்ணன் பாடசாலை ஆசிரியர். எங்கள் முன்னோர் கடல் கடந்து வந்த கதையைச் சொல்லும் தடித்த வரலாறு ஒன்றை அவர் சொன்னார். நான், மலைச்சரிவுகள் ஏன் இடிகின்றன என்று விளக்கும் மெல்லிய ஆங்கிலப் புத்தகத்தைச் சொன்னேன். இங்குள்ள நூலகத்தில் எடுத்தது. அங்கே வாரக்கணக்காய் மழை. கீழ் லயத்தில் கமலாக்காவின் காம்பராவும் என் பெற்றோரின் காம்பராவும் அடுத்தடுத்து இருக்கின்றன.

“இங்கிலீசு யாருண்ணே வாசிக்கிறது?” என்றாள் லோகா. டவுனில் துணிக்கடையில் வேலை செய்பவள். கத்தரிக்கோலை வாயிலும் வைத்திருப்பாள்.

“நான் தமிழ்ல எழுதி அனுப்புறேன்.”

“எழுதி அனுப்பி? மலை சரியும்னு வாசிச்சிட்டு எங்க போறது? அங்க எங்களுக்கு ரூம் போட்டு வச்சிருக்கீங்களா?”

எல்லோரும் சிரித்தார்கள். சகாயம் அண்ணன் சிரிக்காமல் சொன்னார்: “தம்பி, பயந்தவனுக்குத் தெனமும் மலை சரியும். நாம யாருன்னு தெரிஞ்சாத்தான் காணி கேக்கலாம், வீடு கேக்கலாம்.”

அவர் சொன்னது சரி. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. “கேக்குறதுக்கு ஆளு இருக்கணும்லண்ணே” என்றேன். சொல்லியிருக்கக் கூடாது.

சகாயம் அண்ணன் கை தூக்கச் சொன்னார். வரலாற்றுக்கு ஐந்து, மண்ணுக்கு மூன்று. நானும் தூக்கினேன்.

“நனையாத ஆளுக்கும் ஓட்டு இருக்கா?” என்றாள் லோகா.

“இருக்கு. நாலு” என்றார் சகாயம் அண்ணன். “கமலாவையும் கேட்டுருவோம்.”

லோகா தன் போனில் அழைத்து ஸ்பீக்கரில் போட்டாள். “ஏக்கா வரல?”

“எப்படிடி வர்றது? கதவு சாத்த மாட்டேங்குது. தொறந்து போட்டுட்டா வர முடியும்? எத்தன தடவ சீவியாச்சு, திரும்பவும் முட்டுது. யாராச்சும் சீவுளி கொண்டாங்க.”

“உங்க வீட்டுல என்னக்கா இருக்கு? திருடன் வந்தா அவனே பாவப்பட்டு நூறு ரூவா வச்சிட்டுப் போவான்.”

மறுபடி சிரிப்பு. நான் புத்தகத்தைப் புரட்டினேன். அறிகுறிகள் பற்றிய பக்கத்தைத் திக்கித் திக்கித் தமிழில் சொன்னேன். காரணமில்லாமல் கதவு நிலையில் முட்டத் தொடங்கினால் கோளாறு கதவில் இல்லாமல் இருக்கலாம், நிலை நகர்ந்திருக்கலாம், நிலை நகர்ந்தால், அதற்குக் கீழே மண் நகர்கிறதோ என்று பார்க்க வேண்டும்.

ஈரத்தில் மரம் ஊதியிருக்கும் என்று எண்ணி நாங்கள் கதவைச் சீவிக்கொண்டிருந்தோம்.

“அக்கா,” லோகாவின் குரல் மாறியிருந்தது, “வேற யார் வீட்டுலயும் முட்டுதா?”

“ஆமாண்டி, தம்பியோட அம்மாவும் நேத்துச் சீவுளி கேட்டுச்சே.”

அம்மா என்னிடம் சொல்லவில்லை. முதல் நாள்தான் பேசியிருந்தோம். சாப்பிட்டாயா, குளிருதா என்றுதான் கேட்டாள்.

சகாயம் அண்ணன் எழுந்ததைப் பார்த்தேன். நாற்காலிகள் இழுபடும் சத்தம். பிறகு யாருமில்லை. என்னை டின்னில் சாய்த்தபடியே மறந்துவிட்டு ஓடியிருந்தார்கள். உத்தரத்தில் தொங்கிய சேலைத் தொட்டில்கள் காற்றில் ஆடின. நான் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த அறையிலிருந்து ஆர்தர் கூப்பிட்டார். போய் அவருக்குச் சொக்ஸ் மாட்டிவிட்டுத் திரும்பி வந்தேன். தொட்டில்கள் இன்னும் ஆடின. அம்மாவுக்கு அழைத்தேன்; அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

மழையில் நனைந்த லோகாவின் முகம் திரையில் வந்தபோது, “எல்லாரும் ஸ்கூல் ஹோல்ல இருக்காங்கண்ணே. உங்கம்மா அடுப்பத் தூக்கிட்டு வந்தா வர்றேன்னு ஒரே சண்ட” என்றாள். மறுநாள் வந்து பார்த்த அதிகாரிகள், நிலத்தைச் சோதிக்கும்வரை கீழ் லயத்துக்குத் திரும்ப வேண்டாம் என்று சிங்களத்தில் சொல்லிப் போனார்கள். மலை இதுவரை விழவில்லை. விழாமலே போகலாம். அம்மா அதைச் சொல்லித்தான் தினமும் என்னைத் திட்டுகிறாள்.

ஓட்டெடுப்பை யாரும் முடிக்கவில்லை. “எழுதி அனுப்பு தம்பி” என்று சகாயம் அண்ணனிடமிருந்து ஒரு வரி வந்தது. சுருக்கித் தமிழில் எழுதினேன்; முப்பத்தைந்து பக்கம். இம்முறை அறுக்க யாரும் சம்மதிக்கவில்லை. தன் முறை வரும்வரை காத்திருக்க ஒருவருக்கும் மனமில்லை. டவுனில் ஆளுக்கொரு பிரதி எடுப்பதாக முடிவு. செலவு முழுவதையும் நான் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றார்கள். பத்தில் என் பங்கையாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

லோகா குரல் பதிவு அனுப்பினாள். கேலியே இல்லை அதில். “உங்களுக்கு எதுக்குண்ணே கொப்பி? உங்க வீட்டுக்குப் பின்னாடி மலையே இல்லையே. ஒம்பது போதும்.”

பக்கம் இருபது ரூபா. தலைக்கு எழுநூறு. ஒன்பது பேருக்கும் சேர்த்து ஆறாயிரத்து முந்நூறு ரூபா.