காணாக்கடி

சங்கரன்கோவிலில் ராஜபாளையம் ரோட்டில் இருக்கும் அந்த டிரஸ்ட் ஆஸ்பத்திரிக்கு நீங்கள் எந்த நோயோடு போனாலும் முதலில் ராஜகுமாரியைத் தாண்டித்தான் போக வேண்டும். டோக்கன் கவுண்டரில் இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறாள். பெயர், வயசு, ஊர், என்ன செய்யுது என்று நாலே கேள்வி. நாலாவது கேள்விக்குப் பதில் உங்கள் வாயிலிருந்து முழுசாக வெளியே வருவதற்குள் அவள் விரல் கம்ப்யூட்டரில் தட்டி முடித்திருக்கும். குறுக்கு பிடித்திருக்கிறது என்றால் எலும்பு டாக்டர். மேலுக்கு முடியவில்லை என்றால் பொது டாக்டர். கிறுகிறுவென்று வருகிறது என்றால் முதலில் பிரஷர் பார்க்கும் நர்ஸ். காணாக்கடி என்றால் தோல் டாக்டர்.

காணாக்கடி இந்தப் பக்கத்துச் சொல். ராத்திரி தூக்கத்தில் என்னவோ கடித்துவிட்டது, கடித்தது எது என்று காணவில்லை, விடிந்து பார்த்தால் உடம்பெல்லாம் தடித்து அரிக்கிறது. பாதிப் பேர் கோயில் புற்றுமண்ணைக் குழைத்துப் பூசிக்கொண்டு சரியாகிவிடுவார்கள். மிச்சப் பேர் ராஜகுமாரியிடம் வருவார்கள்.

விசைத்தறி ஓட்டியவர் மகள் அவள். பிளஸ் டூவோடு டைப்ரைட்டிங் படித்துவிட்டு, டோக்கனைக் கையால் எழுதிக் கிழித்துக் கொடுத்த காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவள். வெளியூரிலிருந்து வரும் டாக்டர்களுக்கெல்லாம் அவள்தான் அகராதி. சென்னையிலிருந்து வந்த ஒருவர், இடுப்பைத்தான் குறுக்கு என்கிறார்கள் என்று தெரியாமல், "குறுக்கு வலிக்குதுன்னு சொல்றாரே, எதுக்குக் குறுக்கே?" என்று கேட்டதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். வார்டில் அவளுக்கு 'அரை டாக்டர்' என்று பெயர். கேலியாகத்தான் வைத்தார்கள். அவளோ பட்டம் வாங்கிய மாதிரி தலையை நிமிர்த்திக்கொண்டு நடந்தாள்.

அவள் கணவன் பேச்சிராஜ் டவுன் பஸ் கண்டக்டர். "நானும் டிக்கெட்டு கிழிக்கேன், அவளும் டோக்கன் கிழிக்கா. ஆனா எங்க பஸ்ஸுல ஏறுதவன் எங்க போகணும்னு அவன்தான் சொல்லணும். இவ அதையும் இவளே சொல்லிருவா" என்பான். அவள் பதிலுக்கு ஒரு முறை முறைப்பாள், அவ்வளவுதான்.

அந்தக் கவுண்டருக்குத்தான் ஒரு திங்கட்கிழமை அபிஷா வந்து சேர்ந்தாள். மருத்துவமனை நிர்வாகம் படிக்கும் முதலாம் ஆண்டு மாணவி. பதினைந்து நாள் ஒருத்தர் பக்கத்திலேயே இருந்து அவர் வேலை பார்ப்பதைப் பார்க்க வேண்டுமாம். தொட வேண்டாம், குறுக்கே பேச வேண்டாம், நிழல் மாதிரி கூடவே நின்றால் போதும் என்று கல்லூரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"இங்கன நான் நிக்கவே எடமில்ல, நெழலு எங்கிட்டு நிக்கும்?" என்றாள் ராஜகுமாரி. ஆனாலும் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டாள்.

அபிஷா திருப்பூர்ப் பெண். அப்பாவுக்கு மாற்றலாகி இந்த ஊருக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. கையில் ஒரு நோட்டு. தினமும் தனக்குத் தெரியாத மூன்று விஷயங்களை அதில் எழுத வேண்டும், அதற்கு மார்க் உண்டு என்றாள். ராஜகுமாரிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "தெரியாததுக்கு மார்க்கா? எங்க காலத்துல தெரிஞ்சத எழுதுனாலே பாதிதான் போடுவாவ."

முதல் இரண்டு நாள் ராஜகுமாரிக்குப் பெருமையாகத்தான் இருந்தது. "அக்கா, மேலுன்னா என்னங்க?" "உடம்பு." "அக்கா, குறுக்குன்னா?" "இடுப்பு." கேட்கக் கேட்கச் சொன்னாள். ஆனால் அந்தப் பெண் விடுகிற வழியாக இல்லை. வந்தவர் வாயைத் திறந்தால் இவளும் வாயைத் திறந்தாள். நான்காம் நாள் ராஜகுமாரிக்குச் சலித்துவிட்டது. ஐந்தாம் நாள், வெள்ளிக்கிழமை, அவளுக்கு மூச்சுவிட நேரமில்லை.

தோல் டாக்டர் வெள்ளிக்கிழமை மட்டும்தான் வருவார், அதுவும் பதினோரு மணிக்கு. எட்டரைக்கே கூட்டம் வாசல் வரை நின்றது. ஒன்பது மணி இருக்கும். முப்பத்தெட்டு, நாற்பது வயசுப் பெண் ஒருத்தி, தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு கவுண்டருக்கு வந்தாள். பெயர் இசக்கிச்செல்வி, மேலநீலிதநல்லூர்ப் பக்கம், ஆடு மேய்க்கும் குடும்பம். தம்பி பெயர் கணேசன்.

"என்ன செய்யுது?"

"காணாக்கடி பட்டிருக்கு தாயி. கிடைக்காட்டுல ஆட்டோட படுத்திருந்தேன். விடியக்காலம்..."

காணாக்கடி என்ற சொல் காதில் விழுந்ததுமே விரல் தட்டிவிட்டது. தோல். டோக்கன் நாற்பத்து மூன்று. "டாக்டர் பதினோரு மணிக்கு வருவாரு, அந்தப் பெஞ்சில உக்காரும்மா. அடுத்தது யாரு?"

அந்தப் பெண் அதற்குப் பிறகும் ஏதோ சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். ராஜகுமாரி அடுத்தவரைப் பார்த்துவிட்டாள்.

"அக்கா, காணாக்கடின்னா என்னங்க?"

"பொறவு சொல்லுதேன்."

"எது கடிச்சா காணாக்கடிங்க?"

"ஏட்டி, பொறவு சொல்லுதேன்னு சொன்னேம்லா!"

அபிஷா அன்றைய நோட்டில் இரண்டுதான் எழுதியிருந்தாள், மூன்றாவது வேண்டும். நோட்டை எடுத்துக்கொண்டு பெஞ்சுக்கே போய்விட்டாள். ராஜகுமாரி ஓரக்கண்ணால் பார்த்தாள். தொலையட்டும் என்று விட்டுவிட்டாள்.

"உங்கள எது கடிச்சுதுங்க?" என்று கேட்டாள் அபிஷா.

"கண்டாத்தான சொல்ல? அதானே காணாக்கடி" என்றான் கணேசன்.

"எங்க கடிச்சுதுங்க?"

"தெரியல தாயி. சுருக்குன்னு ஒண்ணு இருந்துச்சு, எறும்புன்னு நெனச்சேன்." இசக்கிச்செல்விக்கு நாக்கு குழறியது. "வயிறுதான் பெரட்டிப் பெரட்டி வலிக்கி. எச்சி எறங்க மாட்டேங்கு. கண்ணு தெறக்கவே மாட்டேங்கு, உறக்கமா வருது."

அபிஷா ஒரு வரி விடாமல் எழுதினாள். பிறகு அவளுடைய கையையும் கழுத்தையும் பார்த்தாள். ஒரு தடிப்பு இல்லை, சிவப்பு இல்லை. கடித்திருக்கிறது என்கிறார்கள், வயிறு வலி என்கிறார்கள், இதற்கு எதற்குத் தோல் டாக்டர் என்று அவளுக்குப் புரியவில்லை. நேரே எதிரில் இருந்த டியூட்டி டாக்டர் ஸ்ருதியின் அறைக்குள் நோட்டோடு நுழைந்துவிட்டாள்.

"ஏட்டி அபிஷா! ஒன்ன நிக்கச் சொன்னா நீ நோட்டத் தூக்கிட்டுத் திரியுத! எங்க போற? வா இங்கன!" ராஜகுமாரி எழுந்து நின்று கத்தினாள். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

அடுத்த கணம் டாக்டர் ஸ்ருதி ஓடி வந்தார். டாக்டர்கள் வேகமாக நடந்து ராஜகுமாரி பார்த்திருக்கிறாள், ஓடிப் பார்த்ததில்லை. ஸ்டெதாஸ்கோப் கழுத்திலிருந்து நழுவித் தரையில் விழுந்தது, எடுக்கக்கூட நிற்கவில்லை. இசக்கிச்செல்வியின் முகத்தைத் தூக்கி, "கண்ணத் திறங்க, திறங்கம்மா" என்று அதட்டினார். இமை பாதிக்கு மேல் எழவே இல்லை. "ஸ்ட்ரெச்சர்! பாம்புக்கடி! விஷமுறிவு ஊசிய எடுங்க!" என்று கத்தினார்.

பாம்பா? ராஜகுமாரி நின்ற இடத்திலேயே நின்றாள்.

கட்டுவிரியன். அது கடித்தால் வீங்காது, பெரிதாக வலிக்காது, தடம்கூடப் பல பேருக்குத் தெரியாது. பெரும்பாலும் தரையில் படுத்துத் தூங்குகிறவர்களைத்தான் கடிக்கும். விடிந்ததும் வயிறு வலிக்கும், இமை தொங்கும், பிறகு மூச்சு நிற்கும். டாக்டர் பிறகு சொன்னது இது. உள்ளே கொண்டுபோன முக்கால் மணி நேரத்தில் இசக்கிச்செல்வியின் மூச்சு திணற ஆரம்பித்தது. தொண்டையில் குழாய் போட்டு, 108-இல் ஏற்றிப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். வண்டி கிளம்பும்போது ராஜகுமாரி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி பத்தே முக்கால். தோல் டாக்டர் இன்னும் வந்திருக்கவில்லை.

அந்த அதிர்ச்சியில் அவள் அன்றைக்கு மிச்சம் இருந்த டோக்கன்களை எப்படிப் போட்டாள் என்று அவளுக்கே தெரியாது. வீட்டில் சோறு இறங்கவில்லை. பேச்சிராஜ் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, "ஆனைக்கும் அடி சறுக்கும்ட்டி" என்றான். "சறுக்குனது நான். விழுந்து கெடக்குறது அவளுல்லா" என்றாள்.

மூன்று நாள், காலையில் வந்ததும் டாக்டர் ஸ்ருதியிடம் போய் நிற்பாள். "மெஷின்லதான் மூச்சு விடுறாங்க" என்பார் டாக்டர். நான்காம் நாள், "மெஷின எடுத்துட்டாங்க, பேசுறாங்களாம்" என்றார். ராஜகுமாரி அங்கேயே சுவரில் சாய்ந்து அழுதாள். ஒருத்தி பிழைத்ததற்கு இப்படி அழுவாளா என்று நர்ஸ்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

ஆஸ்பத்திரி முழுக்க அபிஷா பேச்சுத்தான். நிர்வாகி கூப்பிட்டுக் கைகொடுத்தார், யாரோ லட்டு வாங்கி வந்தார்கள். அந்தப் பெண் லட்டைக் கையில் வைத்துக்கொண்டு மலங்க மலங்க விழித்தாள். "நான் ஒண்ணும் கண்டுபுடிக்கலீங்க அக்கா. எனக்கு அந்த வார்த்தை தெரியல, அதனால கேட்டேன். தெரிஞ்சிருந்தா நானும் கேட்டிருக்க மாட்டேனுங்க."

அவள் மனசில் கள்ளம் இல்லாமல்தான் சொன்னாள். ராஜகுமாரிக்குச் செவிட்டில் அறைந்த மாதிரி இருந்தது. அன்றிலிருந்து நாலாவது கேள்வியைக் கேட்டுவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாள். வந்தவர் சொல்லி முடிக்கிற வரைக்கும் கீபோர்டைத் தொடுவதில்லை. வரிசை நீண்டது. "என்ன இந்தம்மாவுக்கு வயசாயிட்டா?" என்று வரிசையில் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும் என்று இருந்தாள்.

பதினைந்தாம் நாள் மதியம் ஒரு மணிக்குமேல் ஹால் காலியாக இருந்தது. அபிஷா தன் கல்லூரிப் படிவத்தை நீட்டினாள். 'மாணவி கற்றுக்கொண்டது' என்ற இடத்தைப் பொறுப்பாளர் நிரப்ப வேண்டும். பேனாவைப் பிடித்துக்கொண்டு என்ன எழுத என்று ராஜகுமாரி யோசித்துக்கொண்டிருந்தபோது இசக்கிச்செல்வி வந்தாள். கூடவே கணேசன், கையில் ஒரு சீப்பு பழமும் தேங்காயும். மெலிந்துபோயிருந்தாள், தொண்டை கரகரத்தது, ஆனால் தன் காலில் நடந்து வந்தாள்.

"தாயி, நீங்களும் இந்தப் பிள்ளையும் இல்லாட்டா நான் மண்ணாப் போயிருப்பேன்" என்று ராஜகுமாரியின் கையைப் பிடித்தாள்.

"நான் இல்லம்மா. நான் ஒன்ன தோல் டாக்டருக்குல்லா அனுப்புனேன். என்னைய மன்னிச்சிரு. இவதான் ஒன்னக் காப்பாத்துனது."

"அதுக்கு நீங்க என்ன செய்விய? காணாக்கடின்னா எங்களுக்கும் அதான நெனப்பு." இசக்கிச்செல்வி அபிஷாவின் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். அப்படியே, பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். "போன ஐப்பசியில எங்க வீட்டுக்காரவியளும் காணாக்கடின்னுதான் இங்க வந்தாவ. வயித்த வலிக்குன்னாவ. அதுவும் வெள்ளிக்கிழமதான், இதே பெஞ்சுதான். பத்து மணிக்குமேல உறக்கமா வருது, வீட்டுக்குப் போயிருவோம்னாவ. ஆட்டோவுல என் மடியிலயே உயிரு போச்சு. மாரடைப்புன்னு நெனச்சு எரிச்சோம். இப்ப ஹைகிரவுண்டு டாக்டருதான் கேட்டுட்டுச் சொன்னாரு, அதுவும் இதே கடிதான்னு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் முகத்தில் கோபமே இல்லை. "என்ன செய்ய, விதி. அன்னைக்கு இந்தப் பிள்ள இங்கன இல்லையே."

அவர்கள் போனதும் ராஜகுமாரி அந்த மனிதரின் முகத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தாள். ஒன்றுமே வரவில்லை. ஒருத்தர் தன் முன்னால் வந்து நின்று, சொல்லி, தான் காட்டிய இடத்தில் போய் உட்கார்ந்து, செத்தே போயிருக்கிறார். அவர் முகம்கூடத் தெரியவில்லை.

கம்ப்யூட்டரின் தேடும் கட்டத்தில் 'காணாக்கடி' என்று தட்டினாள். நாலு வருஷப் பதிவு திரையில் இறங்கியது. அபிஷா குனிந்து பார்த்தாள். நூற்று எழுபத்தொரு பெயர்கள். நடுவில், போன ஐப்பசி வெள்ளிக்கிழமை ஒன்றில், மேலநீலிதநல்லூர்ப் பக்கத்து ஆள் ஒருவரின் வரி: துரைப்பாண்டி, வயது 44, காலை 9.04, காணாக்கடி, தோல். தட்டியது அவள்தான். ஓர் எழுத்துப்பிழைகூட இல்லை.

"மத்தவங்கல்லாம் வெறும் அரிப்பாத்தான் இருக்குங்க அக்கா" என்றாள் அபிஷா.

"இருக்கும்" என்றாள் ராஜகுமாரி. படிவத்தை ஓரமாக நகர்த்திவிட்டுக் கவுண்டர் போனை எடுத்தாள். "மொத ஆளுலேருந்து நம்பரச் சொல்லு."

அபிஷா சொன்னாள். மணி அடித்தது. வெகுநேரம் அடித்தது. கடைசியில் யாரோ எடுத்தார்கள்.

"ஆறுமுகச்சாமி அண்ணாச்சி இருக்காவளா?"

"நான்தாம்மா பேசுதேன். நீ யாரு?"

ராஜகுமாரி வாயைப் பொத்திக்கொண்டு போனை வைத்தாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

"அடுத்த நம்பரச் சொல்லு" என்றாள்.